அப்பத்தாவின் விரலுக்குத் தப்பாத முனை!

ஜிப்சம் போர்டு சுவரைத் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? செங்கல் சுவர் மாதிரி கை வலிக்காது. `டொக்'கென்று ஒரு வெற்றுச் சத்தம் வரும். ஆபீஸ்களிலும் ஜவுளிக்கடைகளிலும் பார்த்துப் பழகிய அந்தச் சுவர், இப்போது பெட்ரூம் வரைக்கும் வந்துவிட்டது. மேலே ஃபால்ஸ் சீலிங், நடுவில் பார்ட்டிஷன், ஓரத்தில் வார்ட்ரோப் என எல்லாவற்றுக்கும் அதே போர்டுதான். வேலை சீக்கிரம் முடியும், செங்கல் மணல் இறக்க வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார். எல்லாம் சரி. ஆனால், அந்தச் சுவர் திரும்புகிற இடம் ஒன்று இருக்கிறதே, முனை... அதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது போன மழைக்காலத்தில்.

தாம்பரம் பக்கத்தில் எங்களுடையது சின்ன ஃபிளாட். நான் பத்தாவது படிக்கும்போது, பெரிய பெட்ரூமை அப்பா ரெண்டாகப் பிரித்தார். நடுவில் ஜிப்சம் பார்ட்டிஷன், அதற்குள்ளேயே ஆறடி அகலத்துக்கு ஒரு வார்ட்ரோப். ஒரு பக்கம் என் அறை, மறுபக்கம் அப்பத்தாவின் அறை. அவர் கட்டிலிலிருந்து இறங்கினால், இந்தச் சுவரை ஒட்டியே நடந்து, வார்ட்ரோப்பைத் தாண்டி, சுவர் முடிகிற முனையில் திரும்பினால் பாத்ரூம்.

அப்பத்தாவுக்கு வயது 79. ரெண்டு வருஷமாக பார்வை குறைந்துகொண்டே வருகிறது. விழித்திரையின் நடுப்பகுதி வயதானதால் பழுதாகிற நோய். இதில் பார்வையின் நடுவில்தான் இருட்டு. ஓரப்பார்வை மிஞ்சியிருக்கும். எதிரில் நிற்கும் என் முகம் தெரியாது. ஆனால், நான் கையை ஆட்டினால் தெரியும். எழுந்து நடக்க அது போதும் என்பது அவர் கட்சி. சுவரில் இடதுகையை வைத்து, விரல்கள் தடவிக்கொண்டே போக, யாரையும் எழுப்பாமல் ராத்திரி மூணு மணிக்கு பாத்ரூம் போய்விட்டு வந்துவிடுவார்.

பிரச்னை அந்த வார்ட்ரோப். சுவரைத் தடவிக்கொண்டே போகிற கை, திடீரென்று கதவில் முட்டும். கதவைப் பிடித்து நிறுத்துகிற காந்தம் பழசாகி, கதவு தானாகவே திறந்துகொள்ளும். ஒருநாள் ராத்திரி பாதி திறந்து கிடந்த கதவின் விளிம்பு அப்பத்தாவின் நெற்றியைக் கிழித்துவிட்டது. மூணு தையல்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததுதான் பெரிய கூத்து. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோடு நாற்காலி போடலாம் என்றார் ஒரு அத்தை. ராத்திரிக்கு மட்டும் டயப்பர் கட்டிவிடலாம், இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் சித்தப்பா. அவர்கள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அந்த வசதியால் நிம்மதியாக இருக்கிற வீடுகள் எத்தனையோ. ஆனால், அதுவரை பேசாமல் படுத்திருந்த அப்பத்தா எழுந்து உட்கார்ந்தார்.

``எனக்குக் கால் இருக்கு, கை இருக்கு. சுவத்தத்தான் சரி பண்ணணும். என்னைய எதுக்குடா சரி பண்றீக?''

சித்தப்பா வாயைத் திறக்கவில்லை.

அப்பத்தா சுவரைப் பற்றிப் பேசினால் எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. காரணம், சிவகங்கை மாவட்டத்தில் தாத்தா கொத்தனார், அப்பத்தா சித்தாள். 17 வயதில் தலையில் சும்மாடு வைத்துக் கலவைச் சட்டி தூக்க ஆரம்பித்தவர், ஐம்பத்தைந்து வயது வரைக்கும் சாரம் ஏறியிருக்கிறார். சுண்ணாம்புச் சாந்து அரைத்த காலத்தையும் பார்த்தவர், சிமென்ட் வந்த காலத்தையும் பார்த்தவர். 1994-ல் கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தனியாக நல வாரியம் வந்ததும் பதிவு செய்து வாங்கிய அட்டை, பட்டுச்சேலைக்கு அடியில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. ஆனால், இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட கரண்டி பிடித்துப் பூசியது கிடையாது. கொத்தனாராகச் சேர்ந்த பையன்கள் எல்லாம் இவரிடம் சட்டி வாங்கிப் பழகி, நாலு வருஷத்தில் மேஸ்திரியாகிவிடுவார்கள். சித்தாள் மட்டும் கடைசிவரை சித்தாள்தான். பெண்களுக்குக் கரண்டி தருவது வழக்கத்தில் இல்லை. கட்டடம் நடக்கிற எந்த இடத்திலும் போய்ப் பாருங்கள், இன்றைக்கும் பெரும்பாலும் அதே கதைதான்.

சுவரை மாற்றுவதென்று முடிவானது. திட்டம் போட்டது அப்பத்தா, வரைந்தது நான். ஆறடி திறப்பில் பாத்ரூம் பக்கம் இருக்கும் மூணடியை போர்டு வைத்து மூடிவிடுவது. அந்தப் பகுதித் தட்டுகளை என் அறைப் பக்கம் திருப்பிவிடுவது (லாபம் எனக்கு). தலைமாட்டுப் பக்கம் மிச்சமிருக்கிற மூணடி திறப்புக்குக் கதவே வேண்டாம், திரைத்துணி போதும். அப்பத்தா நடக்கிற பாதையில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரே சுவர். நடுவில் ஒரு கைப்பிடிக் கம்பி.

கதவு வேண்டாம் என்று சொன்னதும்தான் முனை விஷயம் பெரிதானது. கதவு வைத்தால், அதற்கென்று அடிக்கும் மரச்சட்டம் போர்டின் விளிம்பை மறைத்துவிடும். கதவு இல்லையென்றால் போர்டு உள்பக்கமாகத் திரும்பும் முனை அப்படியே வெளியே தெரியும். அதுவும் கட்டிலை ஒட்டிய முனை. அப்பத்தா எழுந்திருக்கும்போது முதலில் பிடிப்பதே அதைத்தான்.

முதலில் வந்த மேஸ்திரி டேப்பை எடுத்து அளந்துவிட்டு, ``ரெண்டு போர்டையும் முட்ட வெச்சு, பட்டி போட்டு ஒரு இழு இழுத்தா முடிஞ்சுதும்மா, ஒருநாள் வேலை'' என்றார். அப்பா பார்ட்டிஷன் போட்டபோது செய்ததும் அதேதான். அதன் பலன் எங்கள் கண்ணெதிரிலேயே இருந்தது. பாத்ரூம் பக்கத்து முனையில் பட்டி பெயர்ந்து, உள்ளேயிருக்கும் காகிதம் கிழிந்து, வெள்ளை மாவு உதிர்ந்துகொண்டிருந்தது. துடைப்பம் பட்டாலே உதிரும்.

ஏன் உதிர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த போர்டு எதனால் ஆனது என்று தெரிந்தால் போதும். ஜிப்சம் ஒரு கனிமம். நம் திருச்சி, அரியலூர் பக்கம்கூட கிடைக்கிறது. நாட்டில் பெரும்பகுதி ராஜஸ்தானில் வெட்டியெடுக்கிறார்கள். அதைச் சூடாக்கினால் உள்ளேயிருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி போய் மாவாகிவிடும். மறுபடி தண்ணீர் சேர்த்தால் இறுகி கல்லாகிவிடும். கை முறிந்தால் போடுகிற மாவுக்கட்டு இதே சங்கதிதான். அந்த மாவுக்குழம்பை ரெண்டு கனமான காகிதங்களுக்கு நடுவில் ஊற்றி இறுகவைத்தால் போர்டு. 1894-ல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் இந்த வகைப் பலகைக்குக் காப்புரிமை வாங்கினார். போர்டின் பலம் பாதிக்கு மேல் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. வெட்டிய விளிம்பில் காகிதம் இருக்காது, வெறும் மாவு. ரெண்டு வெட்டு விளிம்புகள் சேர்கிற வெளிமுனையில், மேலே எத்தனை கோட்டிங் பட்டி போட்டாலும் அது மாவின்மேல் மாவு. ஒரு இடி தாங்காது.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது அப்பத்தா கேட்டார்: ``கடலைக்குப் போடுவாகளே, மண் அணைக்கும்போது... அந்த ஜிப்சமா?''

அதேதான். நிலக்கடலை விதைத்து 40, 45 நாளில் செடிக்கு மண் அணைக்கும்போது, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடச் சொல்வார்கள். காய் திரட்சியாக வருவதற்கு. ``அடப் பாவிகளா, அத வெச்சா சுவரு கட்டிருக்கீக?'' என்று அப்பத்தா சிரித்த சிரிப்பில் தையல் போட்ட இடம் வலித்திருக்கும்.

ரெண்டாவதாக வந்தவர் பீகாரைச் சேர்ந்த இளைஞர். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர். ஆறு வருஷமாக சென்னையில் ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன் வேலை. சைட்டிலேயே கற்றுக்கொண்ட தமிழ். வந்ததும் டேப்பை எடுக்கவில்லை. கட்டில் எங்கே, பாத்ரூம் எங்கே, யார் இந்தச் சுவரைப் பிடிப்பார்கள் என்று கேட்டார். அப்பத்தாவை ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார். அப்புறம், ``அக்கா, கம்பிக்கு உள்ளே பிளைவுட் வேணும். போர்டுல ஸ்க்ரூ நிக்காது'' என்றார்.

அப்போதே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. கைப்பிடிக் கம்பி விஷயத்தில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 12.5 மில்லிமீட்டர் போர்டில் நேராக ஸ்க்ரூ அடித்துக் கம்பி மாட்டினால், போட்டோ எடுப்பதற்குத்தான் ஆகும். வயதானவர் தடுமாறி முழு எடையையும் போடும் அந்த ஒரு நொடியில் கையோடு பெயர்ந்து வந்துவிடும். சுவர் திறந்து கிடக்கிற நேரத்திலேயே, உள்ளே நிற்கும் தகரச் சட்டங்களுக்கு நடுவே 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை, தண்ணீர் தாங்கும் ரகமாகப் பார்த்து, சட்டத்தோடு சேர்த்து முடுக்கிவிட வேண்டும். போர்டு அதற்கு மேலே. கம்பியின் ஸ்க்ரூ போர்டைத் தாண்டி பிளைவுட்டைக் கடிக்க வேண்டும். கம்பி எந்த உயரம் என்பதற்கு அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அப்பத்தாவை நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு வருகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். பிளைவுட் எங்கிருந்து எங்கு வரை இருக்கிறது என்று அளந்து நான் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். நாளைக்கு வேறு யார் ஆணி அடித்தாலும் தெரிய வேண்டுமில்லையா?

``முனை கூரா இருக்கக் கூடாதுப்பா'' என்பது அப்பத்தாவின் ஒரே நிபந்தனை. ஊரில் எங்கள் பழைய மண்வீட்டுச் சுவர் முனைகள் எல்லாம் கையால் மெழுகி மெழுகி மழுங்கலாக இருக்குமாம். பிள்ளைகள் ஓடிவந்து இடித்தாலும் ரத்தம் வராது.

அதற்கும் வழி இருந்தது. வெளிமுனைகளுக்கென்றே கார்னர் பீட் என்று ஒரு பட்டை கிடைக்கிறது. ரெண்டு பக்கமும் ஓட்டை ஓட்டையாக இறக்கை, நடுவில் மூக்கு. துத்தநாகம் பூசிய தகரத்திலும் வரும், பி.வி.சி-யிலும் வரும். இறக்கையின் ஓட்டைகளுக்குள் பட்டி புகுந்து இறுகும்போது, பட்டை சுவரோடு ஒன்றாகிவிடும். இடி எல்லாம் மூக்கு வாங்கிக்கொள்ளும். சாதாரணப் பட்டையின் மூக்கு கூராக இருக்கும். மழுங்கல் வேண்டுமென்றால் உருண்டை மூக்கு உள்ளதாகத் தேடி வாங்க வேண்டும். பாரிமுனையில் மூணு கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது. (முனைப் பட்டை தேடி பாரிமுனைக்குப் போவது பொருத்தம்தான் என்று அம்மா கேலி செய்தார்.)

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது பயன்படட்டும் என்று ஒன்று சொல்லிவிடுகிறேன். உருண்டை மூக்குப் பட்டையை போர்டு அடிப்பதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். கூர் முனை என்றால் ரெண்டு போர்டும் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். உருண்டை முனைக்கு, ரெண்டு போர்டும் முனையிலிருந்து கொஞ்சம் பின்வாங்கி நிற்க வேண்டும். எங்கள் பட்டைக்கு முக்கால் அங்குலம். போர்டு அடித்து முடித்த பிறகு வாங்கிவந்தால், அந்தப் பட்டை சுவரைவிட்டு பொம்மிக்கொண்டு நிற்கும்.

முதல் நாள் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுத்தார். பார்ட்டிஷனுக்குள் ஒயர் எங்கே ஓடுகிறது என்று வெளியே தெரியாது. போர்டுக்கு அடியில் சட்டம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு சின்ன காந்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார். ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். ஒட்டுகிற இடங்கள் நேர்க்கோட்டில் வந்தால் அதுதான் சட்டம். போர்டை வெட்டுவது அதைவிட சுலபம். பிளேடால் ஒரு பக்கத்துக் காகிதத்தைக் கீறி, முழங்காலில் வைத்து ஒரு மடக்கு. `பட்'டென்று உடையும். பின்பக்கத்துக் காகிதத்தை பிளேடால் அறுத்துவிட்டால் முடிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார். மூடுகிற இடத்துக்கு அளவாக மூணடி போர்டை வெட்டி வைத்தால் போதுமே என்று நான் கேட்டேன். திறப்புக்கு மேலே இருந்த நல்ல போர்டையும் ஒரு பகுதி கழற்றிக்கொண்டிருந்தார். ``அக்கா, ஜாயின்ட் மூலையில வந்தா, மூலையிலேர்ந்து கிராக் வரும்'' என்றார். எல்லா வீடுகளிலும் கதவு, ஜன்னல்களின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுமே, அதைப் பார்த்திருப்பீர்கள். சுவரின் இழுப்பு எல்லாம் வந்து சேருகிற இடம் அந்த மூலைதான். போர்டின் இணைப்பும் அதே இடத்தில் அமைந்துவிட்டால் விரிசலுக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. அதனால், புது போர்டை `ட' எழுத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி ஒரே துண்டாக வெட்டினார். ஒரு கால் மூடிய பகுதியில் நிற்க, மறுகால் திறப்பின் நெற்றியில் படுத்துக்கொள்ள, மூலையில் இணைப்பே இல்லை.

போர்டின் அடிவிளிம்பைத் தரையில் படாமல் அரை அங்குலம் தூக்கி வைத்தார். வீடு துடைக்கிற தண்ணீரை போர்டு விளக்குத்திரி மாதிரி உறிஞ்சிவிடும். அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் பட்டையை வெட்டி முனையில் வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பத்தா எழுந்து வந்தார். மேலிருந்து கீழே வரைக்கும் விரலை ஓட்டினார். ``நடுவுல உள்ள போயிருக்கு.''

``இல்ல ஆத்தா, லெவல் கரெக்டா இருக்கு.''

``தூக்குக்குண்டு போடு.''

தூக்குக்குண்டெல்லாம் இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? ஒரு நூலில் என் வீட்டுச் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டோம். நடுவில் மூணு மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தது. ரசமட்டம் ரெண்டடி நீளம். அது தொட்ட இடத்தில் எல்லாம் சரியாகத்தான் காட்டியது. முழு ஏழடிக்கும் சேர்த்துப் பார்க்க அதனால் முடியவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் நடுவில் இருந்த ரெண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, பட்டையை வெளியே இழுத்து மறுபடி முடுக்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் ``ஆத்தா, வந்து பாருங்க'' என்று கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

திறப்பின் மேல் விளிம்புக்கு அப்பத்தாவின் கை எட்டாது என்பதால், அங்கே சாதாரணத் தகரப் பட்டை. உருண்டையும் கூரும் சந்திக்கிற அந்த ரெண்டு அங்குலத்தில்தான் அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பொறுமை போய்விட்டது.

பட்டி விஷயத்துக்கு வருவோம். சுவருக்கு அடிக்கும் வெள்ளை சிமென்ட் பட்டி இந்த வேலைக்கு ஆகாது. போர்டுக்கென்றே ஜாயின்ட்டிங் காம்பவுண்ட் வாளியில் வருகிறது. அதை மூணு முறை, ஒவ்வொரு முறையும் மெல்லிசாக, ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட அகலமாக இழுக்க வேண்டும். முதல் முறை முனையிலிருந்து அஞ்சு அங்குலம், அடுத்தது எட்டு, கடைசியில் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவாக. பிளேடின் ஒரு ஓரம் பட்டையின் மூக்கில், மறு ஓரம் போர்டில். நடுவில் இருக்கிற பள்ளம் மட்டும் நிரம்பும். மூக்கு சுவரைவிட ஒரு நூல் உயர்ந்திருப்பதே அதற்காகத்தான். அகலமாக இழுக்க இழுக்க, அந்த ஒரு நூல் உயரம் சுவரோடு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அவசரப்பட்டு ஒரே தடவையில் கனமாக அப்பினால், காயும்போது சுருங்கி வெடிக்கும்.

பிரச்னை காய்வதில் வந்தது. நவம்பர் மாதம். ரெண்டாம் நாள் முதல் கோட்டிங் போட்டுவிட்டுப் போனார், அன்று ராத்திரி பிடித்த மழை அடுத்த நாள் முழுக்க விடவில்லை. துவைத்த துணியே காயாத வீட்டில் பட்டி எங்கே காயும்? மூணாம் நாள் சாயங்காலம் வந்து, விரல் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வேலை செய்யாமலேயே திரும்பிப் போனார். அன்றைய கூலியை அப்பா கொடுக்கப் போனபோது, வேறு சைட்டில் அரை நாள் பார்த்துவிட்டதாகச் சொல்லி வாங்க மறுத்தார். அம்மா கட்டாயப்படுத்தி சாப்பிடவைத்து அனுப்பினார்.

அந்த ஒருநாள் முழுக்க அப்பத்தா என் அறையில், என் கட்டிலில். எனக்கு டிஜிட்டல் டெஸ்க்கில் மதிய ஷிஃப்ட். மழை அப்டேட்களாகப் போட்டுவிட்டு ராத்திரி 11 மணிக்கு வந்தால், அப்பத்தா விழித்துக்கொண்டிருந்தார். முனை பூசுவது எப்படி என்று கேட்டேன். செங்கல் சுவரில் எப்படிச் செய்வார்கள் என்று ஒரு மணி நேரம் சொன்னார். ஒரு பக்கத்துச் சுவரில் மட்டப்பலகையை முனைக்குக் கொஞ்சம் வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தில் கலவை அடித்து, பலகை விளிம்பு வரைக்கும் நிரப்புவார்களாம். அது இறுகியதும் பலகையை மெல்ல உருவி, இந்தப் பக்கம் மாற்றிப் பிடிப்பார்களாம். பலகையை அப்படியே எடுத்தால் முனை பெயர்ந்துவிடும். வழுக்கிக்கொண்டே உருவ வேண்டும். கடைசியில் நுரைப்பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒரு தடவல்.

``பலகைய யாரு பிடிப்பா?'' என்றேன்.

``நான்தேன். உன் தாத்தா பூசும், நான் பிடிப்பேன். முன்ன பின்ன அசஞ்சா திட்டும். பிடிக்கிறவளுக்குத்தேன் முனை எங்க இருக்குன்னு தெரியும்... பூசுறவனுக்கு கலவைதேன் தெரியும்.''

நாலாம் நாள் வெயில் அடித்தது. ரெண்டாவது கோட்டிங். பார்ட்டிஷன் பழைய செங்கல் சுவரில் சேர்கிற உள்மூலையில் காகித டேப்பை நீளவாக்கில் மடித்து ஒட்டினார். ஒரு பக்கம் பட்டி இழுத்துவிட்டு மறுபக்கத்தை அடுத்த நாளைக்கு விட்டார். ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் இந்தப் பக்கம் இழுக்கும்போது அந்தப் பக்கம் கீறல் விழுமாம். ``ஒரு பக்கம் இறுகாம மறுபக்கம் கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?'' என்று அப்பத்தா என் பக்கம் திரும்பினார். அவருக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று எப்படித் தெரிந்தது என்பது வேறு விஷயம்.

அஞ்சாம் நாள் மூணாவது கோட்டிங். ஆறாம் நாள் தேய்ப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மாவு வீடு முழுக்கப் பறக்கும். கட்டிலிலிருந்து சாமி படம் வரைக்கும் படிந்துவிடும். நுரையீரலுக்கும் நல்லதல்ல. அப்பத்தாவுக்கு வீசிங் வேறு. எனவே ஈரப்பஞ்சு. நல்ல அடர்த்தியான நுரைப்பஞ்சை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, வட்டமாக மெல்லத் தேய்க்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் காகிதம் ஊறிவிடும். தூசி துளிகூட வராது.

அவர் மேல்பாதியை முடித்துவிட்டு, செல்போன் டார்ச்சை சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். நேராக அடிக்கிற வெளிச்சத்தில் எல்லாச் சுவரும் அழகுதான். பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு மேடும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். மூணு இடம் தெரிந்தது. அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அப்பத்தா கீழ்ப்பகுதியில் விரலை ஓட்டி, ``இங்க ரெண்டு இருக்கு'' என்றார். டார்ச்சில் ஒன்றுதான் தெரிந்தது. அவர் அப்பத்தாவின் விரல் நின்ற இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். அப்புறம் பஞ்சை நனைத்துப் பிழிந்து அப்பத்தாவின் கையில் கொடுத்தார்.

அம்மா, ``அத்தை, உங்களுக்கு எதுக்கு? உக்காருங்க'' என்று வந்தார். அப்பத்தா அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி உட்கார்ந்து, இடதுகையால் தடவி, வலதுகையால் தேய்த்து, கட்டிலை ஒட்டிய முனையின் கீழ் மூணடியை முக்கால் மணி நேரம் செய்தார். பீகார்க்காரத் தம்பி பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சு காய்ந்தால் வாங்கி நனைத்துப் பிழிந்து கொடுத்தார். யாரும் எதுவும் பேசவில்லை. நான் போட்டோ எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றியது, ஆனாலும் எடுக்கவில்லை.

பிரைமரும் பெயின்ட்டும் அடுத்த வாரம் நடந்தது. அதில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஓரப்பார்வை மட்டும் உள்ளவர்களுக்கு நிற வித்தியாசம் பெரிய உதவி. சுவர் வெள்ளையாகவும் முனை வெள்ளையாகவும் இருந்தால் சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாது. ரெண்டு முனைகளிலும் நாலு அங்குலத்துக்கு அடர் நீலப் பட்டை அடித்தோம். கம்பிக்கும் அதே நீலம். அழகாக இல்லை என்பது அம்மாவின் அபிப்பிராயம். எனக்கும் கிட்டத்தட்ட அதேதான். அப்பத்தாவுக்குப் பிடித்திருக்கிறது.

அம்மாவுக்கு இன்னொரு குறையும் உண்டு. தட்டுகள் என் பக்கம் திரும்பிவிட்டதால், அவர் போர்வை, தலையணை உறை எல்லாம் எடுக்க என் அறைக்குள் வர வேண்டியிருக்கிறது. நான் தூங்குகிற காலை நேரம் பார்த்துத்தான் அவருக்குப் போர்வை தேவைப்படும்.

இப்போது பாத்ரூம் வாசலிலும் ஒரு கைப்பிடி மாட்டலாம் என்று அந்தத் தம்பியை வரச் சொல்லியிருக்கிறோம். அது செங்கல் சுவர், டிரில் போட்டால் அரை மணி நேர வேலை என்றார். அரை மணி நேரத்தில் முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. பாத்ரூம் நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதை அப்பத்தா நேற்றே கண்டுபிடித்துவிட்டார்.